எண் போடாத அடுப்பு

வெளியே தாழ்ப்பாள் போடும் சத்தம் கேட்டது. கதவைத் தள்ளிப் பார்த்தேன். அசையவில்லை.

"உள்ளயே இருங்க டீச்சர். நான் சொல்லுத வரைக்கும் சத்தம் காட்டாதீங்க," என்று அந்தப் பக்கமிருந்து செல்வக்கனியக்காவின் குரல் வந்தது. பிறகு அவர் வாசற்படியில் உட்கார்ந்து கதவில் முதுகைச் சாய்த்துக்கொண்டார். தகரக் கதவு உள்பக்கமாகக் கொஞ்சம் புடைத்தது. எனக்கும் வெளியே நின்ற கூட்டத்துக்கும் நடுவில் அந்தத் தகரமும் அவர் முதுகும்தான் இருந்தன.

தாராவியில் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர்கள் நிறையப் பேர் இருக்கும் ஒரு சந்து அது. அதில் அக்காவின் தையல் பட்டறைக்குள் நான் நின்றுகொண்டிருந்தேன். போகும்போதே விளக்கை அணைத்துவிட்டுப் போயிருந்தார். வெளியே நல்ல காலை வெயில். ஆனால் அந்த அறைக்கு ஜன்னல் கிடையாது. மெஷின் எண்ணெயும் புதுத்துணியின் கஞ்சி வாசனையும் மூக்கை அடைத்தன. காலடியில் வெட்டிப் போட்ட துணித் துண்டுகள். மிதித்தால் சத்தம் கேட்குமோ என்று நின்ற இடத்திலேயே நின்றேன். துணி என்ன சத்தம் போடும்? பயந்தவளுக்கு அதெல்லாம் தோன்றாது.

"நம்பர் போட்டவ எங்க?" என்றது ஒரு ஆண் குரல். சந்து முனையில் மளிகைக் கடை வைத்திருக்கும் தங்கராசு அண்ணாச்சி. முந்தின நாள்தான் எனக்குச் சோடா உடைத்துக் கொடுத்திருந்தார்.

"அவிய அப்பமே போயிட்டாவ," என்றார் அக்கா.

"எங்கன போனா?"

"எனக்கென்ன தெரியும்? ஸ்டேஷனுக்குப் போயிருப்பாவ."

அது எனக்காகச் சொன்ன பொய். செல்வக்கனியக்கா பொய் சொல்லி அந்தச் சந்தில் யாரும் கேட்டதில்லை. அதனாலேயே குரல்கள் சற்றுத் தணிந்தன. நான் கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டேன். பைக்குள் பெயிண்ட் டப்பா இருந்தது. மூடி சரியாக மூடவில்லை போலிருக்கிறது. அந்த வாசனை என்னைக் காட்டிக் கொடுத்துவிடும் என்று பயமாக இருந்தது.

டேப்பை இழுத்தால் பேச்சு நின்றுவிடும்

இந்தத் தொடரைப் படித்துவரும் வாசகர் ஒருவர், "இவ்வளவு இடங்களுக்குத் தனியாகப் போய் வருகிறீர்களே, உங்களுக்குப் பயமே கிடையாதா?" என்று கேட்டிருந்தார். நல்ல மனிதர். இதை என் அம்மாவிடம் கேட்டிருந்தால் அவர் சிரித்தே ஓய்ந்திருப்பார். நான் சுத்தப் பயந்தாங்கொள்ளி. லிஃப்ட்டில் தனியாக ஏற மாட்டேன். கூட்டமான ரயிலில் கதவுப் பக்கம் நிற்க மாட்டேன். நான் செய்யும் வேலைக்கும் என் சுபாவத்துக்கும் ஏணி வைத்தாலும் எட்டாது.

வேலை இதுதான். செம்பூருக்குப் பக்கத்தில் ஒரு கட்டடக்கலைக் கல்லூரியில் பாடம் எடுக்கிறேன். மீதி நேரத்தில் இந்த நகரத்தில் மக்கள் பொதுவாகப் புழங்கும் இடங்களைப் பற்றி ஆராய்கிறேன். பொது இடம் என்றால் பூங்கா, மைதானம், கடற்கரை என்று நாங்கள் மாணவர்களுக்குச் சொல்லித் தருவோம். தாராவியில் இதையெல்லாம் தேடிக்கொண்டு போனால் ஏமாந்து திரும்ப வேண்டியதுதான். அங்கே சந்துதான் எல்லாம். விடியற்காலையில் பல் தேய்க்கும் இடம், மத்தியானம் துணி மூட்டை பிரிக்கும் இடம், சாயங்காலம் பிள்ளைகள் வீட்டுப்பாடம் எழுதும் இடம். வரைபடத்தில் பார்த்தால் ஒரு பக்கத்து வீடுகளுக்கும் மறுபக்கத்து வீடுகளுக்கும் நடுவே விட்ட வெள்ளை இடுக்கு, அவ்வளவுதான்.

அங்கே கையில் எதை வேண்டுமானாலும் வைத்துக்கொண்டு நடக்கலாம். அளவு டேப்பை மட்டும் வெளியே எடுத்துவிடக் கூடாது. டேப்பை இழுத்ததும் பேச்சு நின்றுவிடும். பூண்டு உரித்துக்கொண்டிருந்த கை நிற்கும். டேப்பை விட்டால் சர்ரென்று உள்ளே சுருண்டு போகுமே, அந்தச் சத்தத்துக்குச் சின்னக் குழந்தைகள்கூட நிமிர்ந்து பார்க்கும். அளக்க வருகிறவன் பின்னாலேயே இடிக்க வருகிறவன் வருவான் என்று அவர்கள் நினைப்பதைத் தப்பு என்று என்னால் சொல்ல முடிந்ததில்லை.

முதல் சில மாதங்கள் நான் டேப்பையே எடுக்கவில்லை. செல்வக்கனியக்காவின் பட்டறை வாசலில் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்து சந்தைப் பார்த்துக்கொண்டிருப்பேன். பட்டறையில் தைத்த சட்டைகளில் தொங்கும் நூலைக் கத்தரிக்கும் வேலையை அக்கம்பக்கத்துப் பெண்கள் வீட்டுக்கு வாங்கிப் போவார்கள். வந்து போகிறவர்கள் எல்லோரும் என்னை ஏற இறங்கப் பார்ப்பார்கள்.

"யாருக்கா இது?" என்று கேட்டால் அக்காவின் பதில் ஒன்றுதான். "நம்ம ஆளுதான், மாட்டுங்காக்காரி. காலேஜ்ல டீச்சர். சர்வேக்கும் இவியளுக்கும் சம்பந்தம் கிடையாது. நான் பொறுப்பு."

நான் பொறுப்பு. பள்ளிக்கூடத்தில் பிள்ளையைச் சேர்ப்பதிலிருந்து புருஷன் பெண்டாட்டிச் சண்டை வரைக்கும் அந்தச் சந்தில் அவர் இதைச் சொன்னால் அப்புறம் மறுபேச்சு கிடையாது. அந்த வார்த்தையை எனக்காகவும் சொன்னார்.

மூன்று செங்கல்

நான் வரைய ஆசைப்பட்டது அந்தச் சந்தின் பொங்கலை.

பொங்கலன்று காலையில் பைக்குகளையும் மூட்டைகளையும் அப்புறப்படுத்திவிட்டு, சந்தின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரைக்கும் பெண்கள் வரிசையாக அடுப்பு வைப்பார்கள். வீட்டுக்கு மூன்று செங்கல். யார் எங்கே வைப்பது என்று கோடு கிடையாது, பலகை கிடையாது. ஆனால் ஒருத்தி இடத்தில் இன்னொருத்தி வைக்க மாட்டாள். மாமியார் இடம் மருமகளுக்கு வரும். வீட்டை விற்றுவிட்டுத் தூரத்தில் இருக்கும் மான்குர்த்துக்குப் போய்விட்ட குடும்பம்கூடப் பானையைத் தூக்கிக்கொண்டு முதல் பஸ்ஸில் வந்து இறங்கும். அவர்கள் வரும்வரை அந்த இடம் காலியாகவே இருக்கும்.

அரை நாளைக்கு மட்டும் தோன்றி மறையும் ஒரு சதுக்கம். இதைக் கேட்டபோது எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. என்ன செலவு செய்தாலும் எங்களால் கட்ட முடியாத இடத்தை இவர்கள் மூன்று செங்கல்லில் கட்டுகிறார்களே என்று கல்லூரியில் போவோர் வருவோரையெல்லாம் பிடித்து நிறுத்திச் சொன்னேன்.

அக்கா என்னை அழைத்துப் போய் ஒவ்வொரு இடமாகக் காட்டினார். அவருடைய அடுப்புக்கு வலப் பக்கம் பாக்கியம் ஆச்சி. இடப் பக்கம் தங்கராசு அண்ணாச்சி வீட்டம்மா. அப்படியே எதிர்வரிசை.

நாங்கள் போவதை இரும்பு ஏணியில் உட்கார்ந்து மாடத்தி பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு வீட்டுக்கு மேலே போட்டிருந்த தகர அறையில் வாடகைக்கு இருப்பவள். அக்காவிடம் நூல் கத்தரிக்கும் வேலை செய்கிறாள். கணவன் ஐரோலியில் ஒரு கம்பெனியில் வாட்ச்மேன். வாரத்துக்கு ஒரு தடவை வருவான்.

"எக்கா, என் அடுப்பு எங்கன?" என்று மேலிருந்து கேட்டாள்.

"நீ மாடில கேஸ்ல வைக்கவ. உனக்கு என்னத்துக்குட்டி கீழ இடம்?" என்றார் அக்கா. எல்லோரும் சிரித்தார்கள். மாடத்தியும் சிரித்தாள்.

முட்டுக் கொடுத்த வீடு

இந்த இடத்தில் என் சொந்தக் கதை கொஞ்சம் சொல்ல வேண்டும்.

நான் பிறந்து வளர்ந்தது மாட்டுங்காவில் ஒரு பழைய கட்டடத்தின் இரண்டாம் மாடியில். அப்பா ஒரு கம்பெனியில் கிளார்க். பாலக்காட்டிலிருந்து வந்த குடும்பங்கள்தான் அந்தக் கட்டடம் முழுக்க. எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து எங்கள் பால்கனிக்குக் கீழே மரத் தூண்களை முட்டுக் கொடுத்து நிறுத்தியிருந்தார்கள். கட்டடம் விழாமல் இருக்க. அந்த மரங்களைச் சுற்றி நாங்கள் ஓடிப் பிடித்து விளையாடுவோம்.

மழைக்காலம் வந்தால் விளையாட்டு நின்றுவிடும். சுவரிலிருந்து காரை விழும். முதலில் பொடிப்பொடியாக, மணலைக் கையில் அள்ளிப் போடுவதுபோல. அப்புறம் ஒரு பெரிய துண்டு. அப்பா பேப்பரிலிருந்து முகத்தை எடுக்காமல், "கிச்சன்லயா, ஹால்லயா?" என்று கேட்பார். அம்மா போய்ப் பார்த்துவிட்டு வந்து, "ஹால்ல" என்பார். 

ஒருநாள் வாசலில், கட்டடத்தைக் காலி செய்யச் சொல்லி ஒரு நோட்டீஸ் ஒட்டியிருந்தது. கூடவே ஒவ்வொரு கதவிலும் சாயத்தில் ஒரு எண் எழுதிவிட்டுப் போயிருந்தார்கள். எங்கள் கதவு அம்மா வாரா வாரம் துடைத்து வைத்த கதவு. அம்மா ஈரத்துணியை எடுத்துக்கொண்டு வந்தார். எண் மேல் கை வைக்கப் போனவர் வைக்காமல் நின்றார்.

"அழிச்சா, மாத்து வீடு குடுக்கறச்சே நம்மள விட்டுடுவாளோ என்னமோ," என்றார்.

இருந்தால் பயம், இல்லாவிட்டால் அதைவிடப் பயம். அப்புறம் நாங்கள் செம்பூருக்குக் குடி வந்துவிட்டோம். பழைய கட்டடம் இருந்த இடத்தில் இப்போது கண்ணாடி பதித்த உயரமான ஒன்று நிற்கிறது. நீ ஏன் இந்தப் படிப்புப் படித்தாய் என்று கேட்பவர்களிடம், அழகான கட்டடங்கள் பிடிக்கும் என்று சொல்லி வைப்பேன். அதெல்லாம் ஒன்றுமில்லை. கூரை ஏன் விழுகிறது என்று தெரிந்துகொண்டால் பயம் போகும் என்று நினைத்தேன். தெரிந்துகொண்ட பிறகு கூடிவிட்டது.

மஞ்சள் பெயிண்ட்

அடுப்பு வைக்கும் இடங்களை மேலிருந்து படம் எடுக்க வேண்டும், பொங்கலன்று மறுபடி அதே கோணத்தில் எடுக்க வேண்டும் என்பது எங்கள் திட்டம். இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்க்கத் தரையில் அடையாளம் வேண்டும். எங்கள் தொழிலில் இது சர்வ சாதாரணம். என்னோடு வேலை செய்யும் சுப்ரியா என்ற மராத்திப் பெண் சாக்பீஸால் எண் எழுதிப் பார்த்தாள். காலையில் எழுதியது, மோரி என்னும் கழுவுமிடத்தில் துணி துவைத்த தண்ணீர் சந்தில் ஓடியதும் காணாமல் போனது. அதனால் பெயிண்ட் வாங்கினோம். மேலிருந்து பளிச்சென்று தெரிய வேண்டும் என்று மஞ்சள். வேலை முடிந்ததும் தின்னரால் துடைத்துவிடலாம் என்று பேசிக்கொண்டோம்.

சந்து அடங்கியிருக்கும் விடியற்காலையில் வந்து எழுதினால் யாருக்கும் தொந்தரவு இருக்காது என்றும் நினைத்தோம். ஆளில்லாத நேரத்தில் வந்து எண் எழுதுவது யார் பழக்கம் என்று எங்கள் இருவருக்கும் தோன்றவே இல்லை. அதற்கு முந்தின வாரம்தான் பக்கத்துச் சந்துகளில் ஒரு கூட்டம் வந்து கதவு கதவாக எண் எழுதிவிட்டுப் போயிருந்தது. எல்லாவற்றையும் இடித்துப் புதிதாகக் கட்டும்போது எண் உள்ளவருக்குத்தான் அங்கே வீடு என்று பேச்சு.

எழுதி முடித்துவிட்டு சுப்ரியா கேமராவோடு எதிர்க் கட்டடத்து மொட்டை மாடிக்குப் போனாள். நான் அக்காவோடு டீ குடிக்கப் பட்டறைக்கு வந்தேன். பாதி டம்ளர்கூட முடியவில்லை. சந்தில் ஒரு கதவு திறந்தது, அப்புறம் இன்னொன்று. ஒரு பெண் பெரிதாகக் கூப்பிட்டாள். அக்கா எட்டிப் பார்த்தார். அவர் முகம் மாறியதைப் பார்த்தபோதுதான் நான் டம்ளரைக் கீழே வைத்தேன்.

"டீச்சர், பெயிண்ட்லயா எழுதினீங்க?" என்றார். நான் பதில் சொல்வதற்குள் என்னை உள்ளே தள்ளிக் கதவைச் சாத்திவிட்டார்.

அம்மாவின் அழைப்பு

இருட்டில் நின்றுகொண்டு சுப்ரியாவுக்கு, கீழே வராதே என்று செய்தி அனுப்பினேன். உடனே பதில் வந்தது. எல்லோரும் குனிந்து எண்களைப் பார்க்கிறார்கள், ஒரு பெரியவர் செங்கல்லால் ஒன்றைத் தேய்க்கிறார், இன்னும் ஆட்கள் வருகிறார்கள் என்று எழுதியிருந்தாள். அதைப் படித்திருக்கவே வேண்டாம்.

வெளியே குரல்கள் மெல்ல நகர்வது கேட்டது. ஸ்டேஷன் பக்கம் போய்ப் பார்க்கலாம் என்று யாரோ சொன்னார்கள். அக்காவின் பொய் வேலை செய்துகொண்டிருந்தது. கலைந்துவிடுவார்கள் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன்.

அப்போது என் போன் மணி அடித்தது.

அம்மா கூப்பிட்டால் எனக்குக் கேட்பதில்லை என்ற புகாருக்காக, அந்த மணியைச் சத்தமாக வைத்திருந்தேன். பழைய டெலிபோன் மணி. ஜன்னல் இல்லாத தகர அறைக்குள் அது கோயில் மணிபோல அடித்தது. அணைக்கப் போய்த் தவறி எடுத்துவிட்டேன்.

"ஏண்டி, எங்க இருக்காய்?" என்றார் அம்மா. "மாட்டுங்கா மார்க்கெட் வழியாத்தானே வருவாய்? பொங்கலுக்கு மஞ்சக் கொத்து நன்னா பச்சையா பாத்து வாங்கிண்டு வா. இங்க செம்பூர்ல எல்லாம் வாடி வதங்கிக் கிடக்கு."

"சரிம்மா," என்று முனகினேன்.

"என்ன சரி? தொண்டை கட்டிண்டுத்தா?"

வெளியே ஒரு சத்தமும் இல்லை.  கதவின் புடைப்பு மெல்லத் தணிந்தது. அக்கா எழுந்துகொண்டார். தாழ்ப்பாளை அவரே திறந்தார்.

வெயிலில் கண் கூசியது. அடி விழும் என்று முகத்துக்கு நேரே கையை வைத்துக்கொண்டு வெளியே வந்தேன். யாரும் அடிக்கவில்லை. கையை எடுத்துவிட்டுப் பார்த்தேன். எதிரே நின்ற அத்தனை முகங்களும் என்னைவிட அதிகமாகப் பயந்திருந்தன. கோபக்காரர்களை எதிர்பார்த்து வந்த எனக்கு அது இன்னும் பயமாக இருந்தது.

"யாரு சொல்லி நம்பர் போட்டீங்க?" என்றார் தங்கராசு அண்ணாச்சி. என் முகத்தைப் பார்த்ததும் 'அவள்' போய் 'நீங்கள்' வந்திருந்தது.

"யாரும் சொல்லலை அண்ணாச்சி. பொங்கல் அடுப்பு வைக்கிற இடத்தைப் படம் வரையறேன். அது அடுப்போட நம்பர். வீட்டோட நம்பர் இல்லை."

"போன வாரம் அடுத்த சந்துல எழுதினவங்களும் சும்மா படத்துக்குன்னுதான் சொன்னாவ. என் வீட்டு முன்னால மூணு நம்பர் கிடக்கு. ஒரு வீட்ட மூணுன்னு காட்டப் போறீங்களா, இல்ல மூணுல ரெண்டு இல்லைன்னு காட்டப் போறீங்களா?"

"எனக்கு ஏழு. எதுத்த வீட்டுக்கு எட்டு," என்றாள் ஒரு பெண். "ஏழுக்கு இங்கன வீடு, எட்டுக்கு மான்குர்த்துலயா? அத மட்டும் சொல்லிருங்க."

நான் சொன்னேன். எல்லாவற்றுக்கும் திரும்பத் திரும்ப ஒரே பதிலைச் சொன்னேன். அந்த எண்ணுக்கு ஒரு அர்த்தமும் கிடையாது, அதனால் யாருக்கும் ஒன்றும் கூடப் போவதில்லை, குறையப் போவதில்லை, இப்போதே அழித்துவிடுகிறேன். என் குரல் எனக்கே பொய்போலக் கேட்டது.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு மாடத்தி முன்னால் வந்தாள். அவள் அழிக்கச் சொல்லப் போகிறாள் என்று நினைத்தேன்.

"எனக்கு மட்டும் ஏன் நம்பர் போடல?" என்றாள்.

"உனக்குக் கீழே அடுப்பு இல்லையே மாடத்தி. இது அடுப்புக்குப் போட்ட நம்பர். ஒண்ணுமில்லாத நம்பர்."

"ஒண்ணுமில்லாததுன்னா எனக்கும் ஒண்ணு போட்டா என்ன?"

நான் பெயிண்ட் டப்பா இருந்த பையைப் பார்த்தேன். "போன வாரம் அடுத்த சந்துக்கு வந்தவனும் ஏணில ஏறல," என்றாள் அவள். "கீழ நின்னு நிமிந்து பாத்தான். போயிட்டான். மாடில இருக்கவங்கள எல்லாம் எங்கயோ தூரமா கொண்டு விடப் போறாவளாம்." அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன்.

கடைசியில் பேசியது பாக்கியம் ஆச்சி. என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"கனி, ஆள உள்ள வச்சிப் பூட்டிட்டு, போயிட்டாவன்னு சொல்லிட்டியே," என்றார்.

அக்கா பட்டறைக்குள் போனார். ஒரு கை துணித் துண்டுகளை அள்ளிக்கொண்டு வந்தார்.

தின்னர்

சுப்ரியாவும் இறங்கி வந்தாள். அக்காவும் சேர்ந்து நாங்கள் மூவரும் முட்டி போட்டு உட்கார்ந்து, கத்தரித்த துணித் துண்டுகளைத் தின்னரில் நனைத்து எண்களைத் தேய்த்தோம். சிமெண்ட் தரையின் பள்ளங்களில் இறங்கியிருந்த மஞ்சள் முழுசாகப் போகவில்லை. தின்னர் வாசனையில் தலை சுற்றியது. சுற்றிலும் ஆட்கள் நின்று, எதுவும் விட்டுப்போகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"நீங்க எந்திரிங்கக்கா, நாங்க பாத்துக்கிறோம்," என்றேன்.

"நான் பொறுப்புன்னு சொன்னம்லா," என்றார். அதற்கப்புறம் அன்று அவர் என்னிடம் பேசவில்லை.

சாதாரணமாக அக்கா தரையில் உட்கார்ந்து ஒரு வேலை செய்தால் நாலு பெண்கள் ஓடி வந்து கையிலிருந்து பிடுங்கிக்கொள்வார்கள். அன்று ஒருத்தியும் வரவில்லை. மத்தியானம் நூல் கத்தரிக்கத் துணி வாங்கிப் போகவும் யாரும் வரவில்லை. கட்டு கட்டாகச் சட்டைகள் வாசலில் அப்படியே கிடந்தன. மாலையில் மாடத்தி மட்டும் வந்து ஒரு கட்டை எடுத்துக்கொண்டு போனாள்.

மஞ்சள் கொத்து வாங்காமலே செம்பூருக்குப் போய்ச் சேர்ந்தேன். அம்மா என் கைகளைப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் தேங்காய் எண்ணெய் எடுத்து வந்தார். நகக்கண்ணில் இருந்த மஞ்சள் அதற்கும் போகவில்லை.

பொங்கலன்று

இனி அந்தப் பக்கம் தலைவைத்துப் படுப்பதில்லை என்று முடிவு செய்திருந்தேன். போகிக்கு முந்தின நாள் அக்கா போன் செய்தார்.

"பொங்கலுக்கு வாங்க," என்றார்.

"வேண்டாம்க்கா. என்னால உங்களுக்கு இன்னும் கெட்ட பேரு."

"வரலன்னாதான் கெட்ட பேரு. செஞ்சதச் செஞ்சிட்டு ஓடிட்டாவன்னு ஆயிரும். நான் யாருக்குப் பொறுப்புன்னு சொன்னனோ அவிய வந்து என் வாசல்ல நிக்கணும்."

போனேன். கேமரா இல்லை, பை இல்லை, நோட்டு இல்லை. பேனாகூட எடுத்துக்கொள்ளவில்லை. பாவாடை தடுக்கும் குழந்தைபோல ஒவ்வொரு அடியாகப் பார்த்து வைத்து அந்தச் சந்துக்குள் நுழைந்தேன். புகை கண்ணைக் கரித்தது. பச்சரிசியும் வெல்லமும் கொதிக்கும் வாசனை. ஒரு பானை பொங்கி வழிந்தது, பெண்கள் குலவையிட்டார்கள். பல மாதங்களாக நான் பார்க்கத் துடித்த காட்சி. ஆனால் என் கண் வேறெங்கும் போகவில்லை.

அடுப்புகள் நெருக்கியடித்து வரிசையாக எரிந்துகொண்டிருந்தன. செல்வக்கனியக்காவின் அடுப்பு மட்டும் தனியாக இருந்தது.

பாக்கியம் ஆச்சி தன் செங்கற்களைத் தூக்கி எதிர்வரிசையில் வைத்திருந்தார். அண்ணாச்சி வீட்டம்மாவும் நகர்ந்துவிட்டார். யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை, சண்டை போடவில்லை. மாமியார் காலத்திலிருந்து மாறாத இடத்தை மாற்றிக்கொண்டார்கள், அவ்வளவுதான். அக்காவின் இரண்டு பக்கமும் துப்புரவாகக் கழுவிவிட்ட வெறும் தரை. அந்தத் தரையில் எங்கள் மஞ்சளின் மிச்சம் தெரிந்தது.

அக்கா என்னைப் பார்த்துத் தலையசைத்தார். குனிந்து விறகைத் தள்ளினார். அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. எனக்கு அழுகை வந்தது. அங்கே அழுவதற்கும் பயமாக இருந்தது.

அப்போது இரும்பு ஏணி கடகடத்தது. இடுப்பில் பானையும் ஒரு கையில் இரண்டு செங்கல்லுமாக மாடத்தி இறங்கி வந்தாள். திரும்ப ஏறிப் போய் மூன்றாவது செங்கல்லையும் சுள்ளிக் கட்டையும் கொண்டு வந்தாள். அக்காவின் வலப் பக்கத்தில், பாக்கியம் ஆச்சி விட்டுப்போன இடத்தில், செங்கல்லை வைத்தாள்.

"ஏட்டி, அது என் இடம்லா," என்றார் ஆச்சி எதிரிலிருந்து.

"நீங்கதான் தள்ளிப் போயிட்டீங்களே ஆச்சி."

சந்தில் பேச்சு நின்றது. நான் முதன்முதலில் டேப்பை இழுத்த அன்று நின்ற மாதிரியே நின்றது. ஆச்சி எழுந்து வருவாரா, யாராவது அந்தப் பானையை உதைத்துத் தள்ளுவார்களா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அக்கா தன் அடுப்பிலிருந்து எரிகிற கொள்ளி ஒன்றை உருவினார். கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தார். பிறகு மாடத்தியின் அடுப்புக்குள் செருகினார். சுள்ளி பற்றிக்கொண்டது.

ஆச்சி ஏதோ முணுமுணுத்துவிட்டுத் தன் பானைப் பக்கம் திரும்பினார்.

இந்தப் பெண் அக்காவுக்குத் துணையாக இறங்கி வந்தாள் என்று நெகிழ்ந்துபோய் நின்றேன். அருகில் போனேன். மாடத்தி நிமிரவில்லை. அரிசியைக் கழுவிக்கொண்டே மெதுவாக, எனக்கு மட்டும் கேட்கும்படி பேசினாள்.

"டீச்சர், இப்ப எழுதுங்க."

"என்னது மாடத்தி?"

"என் அடுப்பு இப்ப கீழ இருக்குல்லா. எழுதுங்க."

"பேனா கொண்டுவரலைம்மா."

"போன் இருக்குல்லா. அதுல எழுதுங்க. மாடி ரூம்னு எழுதாதீங்க. மாடத்தின்னு எழுதுங்க."

சந்தில் இருந்த அத்தனை கண்களும் என் கை மேல் இருப்பதாகத் தோன்றியது. இதற்கு ஒரு மதிப்பும் கிடையாது, இது எங்கேயும் போகாது, யாரும் இதைப் பார்க்கப் போவதில்லை என்று அவளிடம் சொல்ல வேண்டும். அதை ஒருமுறை சொல்லிப் பார்த்தாயிற்று. போனை எடுத்து அவள் பெயரைத் தட்டினேன். ஓர் எழுத்து தப்பாக விழுந்தது. அழித்துவிட்டு மறுபடி தட்டினேன்.

அவள் ஈரக் கையோடு எழுந்து எட்டிப் பார்த்தாள். ஒவ்வொரு எழுத்தாக உதடு அசைய வாசித்தாள்.

"இந்திலயும் எழுதிருங்க," என்றாள். "நம்பர் போட வாரவனுக்குத் தமிழ் தெரியாதுல்லா."

எழுதினேன்.